பகலில் போட்ட மதிப்பெண்

நான் காசு போட்டு வாங்கிய பொருளில் குறை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். அதைக் கடைசிவரை வெளியே சொல்லாதவனும் நான்தான். இந்தக் குணத்தால் என்னை நம்பிய ஒருவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மினிடிவி (MiniDV) கேசட் போடும் சின்ன வீடியோ கேமராக்கள் நடுத்தர வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். இங்கே கடையில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் இருந்த அக்கா மகனை, ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கிவரச் சொன்னேன். “மாமா, அங்க சிஸ்டம் வேற. யோசிச்சுச் சொல்லுங்க” என்றான். “நம்ம டிவி மல்டி சிஸ்டம்டா, எல்லாம் ஓடும்” என்று அவன் வாயை அடைத்தேன். கேமரா வந்ததும் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. நம் வீட்டு மின்சாரத்துக்கும் சரிதான் என்று நிம்மதியானேன்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மிக்ஸியோ ஸ்கூட்டரோ, வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ப ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்துக் கேமராவுக்கு மதிப்பெண் போட்டேன். மதுரையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெற்குக் கோபுரத்தை 10 மடங்கு ஜூமில் இழுத்தால் சுதைச் சிற்பங்கள் தெளிவாக வந்தன. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த 500 மடங்கு டிஜிட்டல் ஜூமில் கோபுரம் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. அது விளம்பரத்துக்கு மட்டும் என்று எழுதினேன். காற்று அடித்தால் மைக்கில் படபடவென்று இரைச்சல், அமைதியான அறையில் கேசட் சுற்றும் மோட்டாரின் முனகல், இரண்டையும் குறித்தேன். நேர்மையான மதிப்பீடு என்று யாரும் சொல்வார்கள்.

சாயங்காலம் கூடத்தில் டியூப் லைட்டைப் போட்டுப் படமெடுத்தேன். டிவியில் போட்டுப் பார்த்தால் சுவர் முழுவதும் துடித்தது. வெளிச்சம் நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கியது. மனைவியின் முகம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. புள்ளிக்குக் காரணம் எளிது: உள்ளே இருந்த சிசிடி சில்லின் அகலம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, குறைந்த வெளிச்சத்தில் அதற்கு அவ்வளவுதான் பார்வை. துடிப்புக்கான காரணத்தைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் அதில் நொடிக்கு 100 முறை பிரகாசித்து மங்கும். நம் நாட்டுக்கான பால் (PAL) முறை கேமரா நொடிக்கு 50 முறை படம் பிடிப்பதால், ஒவ்வொரு முறையும் அதே அளவு வெளிச்சம் விழும். என் கேமரா அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறை. நொடிக்கு ஏறக்குறைய 60 முறை. விளக்கோடு தாளம் சேராது. இந்தச் சிக்கல் ஜப்பானிலும் இருந்தது. அங்கும் அப்போது என்டிஎஸ்சிதான், ஆனால் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. பரிகாரமும் இருந்தது. மெனுவில் ஷட்டரை 1/60இலிருந்து 1/100க்கு மாற்றினால் படம் கொஞ்சம் இருட்டும், துடிப்பு நின்றுவிடும். மாற்றினேன், நின்றது.

இதை நோட்டில் எழுதவில்லை. பரிகாரத்தை எழுதினால் நோயையும் எழுத வேண்டும். அக்கா மகன் சொன்னதைக் கேட்காததும் அதோடு வெளியே வரும். ‘டியூப் லைட்’ என்ற பத்தியையே நான் தொடங்கவில்லை.

என்னைவிட இளையவர், பக்கத்து மேஜைக்காரர், “சார், உங்க கேமரா எப்படி சார்?” என்று கேட்டார். நோட்டையே எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இவ்வளவு பார்த்திருக்கீங்களே!” என்று வியந்தார். வெளிநாட்டிலிருந்த மைத்துனரிடம் சொல்லி அதே மாடலை வரவழைத்தார். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். மண்டபம் முழுக்க டியூப் லைட் என்று எனக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அவர் கேமராவோடு ஓடுவதைப் பார்த்தேன். எழுந்துபோய் ஷட்டரை மாற்றிவிட அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு “இது எப்படி சார் தெரியும்?” என்று கேட்பாரே என்பதுதான் என் கவலை. பாயசத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் தயங்கித் தயங்கி வந்தார். “தாய்மாமன் மடியில பாப்பா உட்கார்ந்ததுலேருந்து எல்லாமே துடிக்குது சார். எனக்குத்தான் எடுக்கத் தெரியல போல.”

“ஆமா, கை பழகணும்” என்றேன்.

குறையை மறைத்தது கோழைத்தனம். அந்த மூன்று சொற்களில் என் குற்றத்தை எடுத்து அவர் தலையில் வைத்தேன். பின்னர் அவர் அந்தக் கேமராவை அதிகம் தொடவில்லை. தன் கை சரியில்லை என்று நம்பிவிட்டார்.

வாங்கிய பிறகு நாம் செய்யும் மதிப்பீடு பெரும்பாலும் தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதுதான். பொருந்தாத கட்டத்தைக் கண் தானாகத் தாண்டிப் போகும். என் விஷயத்தில் கண் தாண்டவில்லை, நன்றாகப் பார்த்தது. சின்னச் சின்னக் குறைகளைத் தாராளமாக எழுதி, அந்த நேர்மையின் மறைவில் பெரிய குறையை ஒளித்தேன். ஜூமைப் பற்றியும் மோட்டார் சத்தத்தைப் பற்றியும் உண்மை சொன்னதால்தான் அவர் மற்றதையும் நம்பினார்.

இன்று அந்தத் துடிப்பை ஓரளவு தணிக்க மென்பொருள் இருக்கிறது. கேசட்டை வாங்கிக் கணினியில் ஏற்றி, என் செலவில் சரிசெய்து தரலாம். அதற்கு அவரை ஃபோனில் கூப்பிட்டு, “குறை உங்க கையில இல்ல, எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்ல வேண்டும். இன்னும் கூப்பிடவில்லை. முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் சொல்லிவிட முடிகிறது. சொல்ல வேண்டிய ஒருவரிடம் வாய் வரவில்லை. இந்தக் கட்டுரையும் அவரிடமிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த இன்னொரு வழியோ என்ற சந்தேகத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.