ஒட்டகம் மேய்க்கும் இடத்தில் ஒரு மாலை



கடந்த டிசம்பர் விடுமுறையில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஷார்ஜா போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து நான் போட்ட படங்களில் பேரப்பிள்ளையின் படத்தை விட, நான் ஒட்டகத்தின் மேல் இருக்கும் படத்துக்குத்தான் லைக் கூட. "சேர் ஷேக் ஆகிட்டார்" என்று கொமென்ட் போட்டவர்களும் உண்டு.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எழுதுவதா விடுவதா என்று ஒரு மாதமாக யோசித்தேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் கேட்டேன். "எழுதுங்க சேர், என்ட பெயர மட்டும் போடாதீங்க" என்றான். ஆகவே பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

அவன் என்னிடம் படித்தவன். துபாயில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. நான் வந்திருப்பதை பேஸ்புக்கில் பார்த்துவிட்டு மருமகனின் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தான். "சேர், உங்கள ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகணும். ஒரு பின்னேரம் மட்டும் தாங்க" என்றான். எந்த இடம் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. "லேசாச் சாப்பிட்டுட்டு வாங்க, குளிருக்கு ஜக்கட் ஒண்டு எடுங்க" என்றான். துபாயில் குளிரா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு லேண்ட் குரூசர் வந்தது. அவனும் நானும், இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும். சாரதி கேரளாக்காரர். ஹத்தா போகும் வீதியில் லஹ்பாப் என்ற இடம். கட்டடங்கள் முடிந்து, வேலிகளும் முடிந்து, பிறகு மணல் மட்டும்தான். நான் மணல் என்றால் நம் கடற்கரை மணலைத்தான் நினைத்திருந்தேன். இது செங்கல்லைத் தூளாக்கிக் கொட்டியது போல இருந்தது. இரும்புச் சத்து துருப்பிடித்ததால் வந்த நிறம்.

மணலுக்குள் இறங்க முன்னர் வாகனத்தை நிறுத்தி, நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டார் சாரதி. காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் பதியுமாம், புதையாதாம். அதன் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. மலை மலையாக நின்ற மணல் மேடுகளில் வாகனம் ஏறுவதும் சரிந்து விழுவதும். வாகனத்துக்குள்ளே இரும்புக் கம்பிக் கூடு போட்டிருந்தார்கள், ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இந்தியப் பிள்ளைகள் இரண்டும் கத்திச் சிரித்தன. நான் எனக்குத் தெரிந்த துஆக்கள் எல்லாவற்றையும் ஓதி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். லேசாகச் சாப்பிடச் சொன்ன காரணமும் விளங்கியது.

கூடாரங்கள் இருந்த இடத்தை அடையும்போது சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் சின்னக் கோப்பையில் ஏலம் மணக்கும் கஹ்வாவும் ஈத்தம்பழமும் தந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஆறேழு ஒட்டகங்கள், முன்னங்காலை மடித்து வரிசையாகப் படுத்திருந்தன. வாயில் வலைக்கூடு. மூக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒல்லியான ஒரு மனிதர் நின்றார். நாற்பது வயதிருக்கும்.

அப்போதுதான் அவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்:

"சேர், ஒட்டகம் மேய்க்கிற இடத்துக்கு உங்களையும் கூட்டிக்கு வந்திட்டன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது.

2009ஆம் ஆண்டு. தரம் 10. அவன் ஒவ்வொரு நாளும் பிந்தி வருவான். சட்டையில் சாண வாடை அடிக்கும். அவனுடைய வாப்பா மற்றவர்களின் மாடுகளைக் கூலிக்கு மேய்ப்பவர். காலையில் பால் கறந்து, பட்டியை வட்டைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் இவன் பாடசாலைக்கு ஓடி வருவான். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்துகொண்டுதான், ஒரு நாள் வீட்டுவேலை செய்யாமல் வந்தபோது, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்: "வாப்பா மாடு மேய்க்கிறார், நீ சவுதிக்குப் போய் ஒட்டகம் மேய்க்கத்தான் சரி."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. அதற்கு முன்னரே பாடசாலையை விட்டு நின்றுவிட்டான். இடைவிலகல் பட்டியலில் ஒரு பெயராக எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மறந்துவிட்டேன்.

ஒட்டகம் எழும்பும்போது முதலில் பின்னங்காலைத்தான் உயர்த்தும். தெரியாதவன் முன்னால் கவிழ்ந்து விழுவான். "சேர், பின்னால சாயுங்க! பின்னால!" என்று அவன் கத்தியதால்தான் நான் தப்பினேன். அந்தப் படம் அதற்கு அடுத்த நிமிடம் அவன் எடுத்தது. முகத்தில் நீங்கள் பார்த்த சிரிப்பு, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்த சிரிப்பு.

சவாரி ஐந்து நிமிடம்தான். இறங்கிய பிறகு அந்த மிருகத்தைக் கிட்ட நின்று பார்த்தேன். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்படி சூரா அல் ஙாஷியாவில் வருவதை எத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன்! ஒரு நாளும் பார்த்ததில்லை. மணல் புகாமல் இரண்டு அடுக்கு இமை மயிர். வேண்டியபோது மூடிக்கொள்ளும் மூக்குத் துவாரம். சூட்டு மணலில் படுத்தாலும் சுடாமல் நெஞ்சிலும் முழங்காலிலும் தடித்த தோல். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. பாதம் மெத்தை போல இரண்டாக விரிந்து மணலில் அகலமாகப் பதிகிறது. கேரளாக்காரர் டயரில் காற்றைக் குறைத்துச் செய்ததை, அல்லாஹ் இந்தக் காலிலேயே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான்.

மஃரிபுக்கு நேரமானது. தொழுவதற்கென்று ஒரு பக்கத்தில் பாய் விரித்திருந்தார்கள். நாங்கள் இருவரும், சாரதிகள் சிலரும், அந்த ஒட்டகக்காரரும் ஒரே ஸப்பில் நின்றோம். அவருடைய தோள் என் தோளில் பட்டது. உடுப்பில் ஒட்டக வாடை. 2009இல் நான் முகம் சுளித்த வாடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு இராச்சாப்பாடு. சுட்ட கோழி, கபாப், குப்பூஸ், ஹும்முஸ், பிரியாணி. மாவை உருண்டையாகப் பொரித்து ஈத்தம்பழப் பாணி ஊற்றும் லுகைமாத் என்ற இனிப்பு. நடுவே மேடை போட்டு, விளக்குக் கட்டிய பாவாடையோடு சுற்றிச் சுற்றி ஆடும் தனூரா ஆட்டம் ஒன்று நடந்தது. அடுத்து பெண்களின் ஆட்டம் ஆரம்பமானதும் நாங்கள் இரண்டு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒட்டகப் பக்கம் போய் மணலில் உட்கார்ந்தோம். குளிர் எலும்பில் ஏறியது. ஜக்கட்டுக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

ஒட்டகக்காரர் அங்கே இருந்தார். இன்னும் சாப்பிடவில்லை. விருந்தாளிகள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவர்களுக்காம். எங்கள் தட்டிலிருந்து லுகைமாத் கொடுத்தோம். அவன் ஹிந்தியில் பேசி எனக்கு விளங்கப்படுத்தினான். பாகிஸ்தானில் சிந்து மாகாணம், தார் பாலைவனத்துக்காரர். பரம்பரை பரம்பரையாக ஒட்டகம் வளர்க்கிற குடும்பம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊர் போவார். மூன்று பிள்ளைகள், மூன்றும் படிக்கின்றன.

"இவர் உன் வாப்பாவா?" என்று கேட்டார்.

"இல்ல, என்ட உஸ்தாத்" என்றான் அவன்.

அந்த மனிதர் சட்டென்று எழும்பி, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். பிறகு தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒட்டகம் மேய்ப்பவன் என்பதை ஏச்சாகப் பாவித்த ஒருவனுக்கு, ஒட்டகம் மேய்க்கும் ஒருவர் கொடுத்த மரியாதை அது. எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்றும் அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. நான் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு நான்கு வருடம் முன்புவரை, வளைகுடா நாடுகளின் ஒட்டகப் பந்தயங்களில் பாரம் குறைவு என்று சின்னப் பையன்களைத்தான் ஏற்றி ஓட்டினார்கள். 2005இல்தான் ஐக்கிய அரபு அமீரகம் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான், மொரிட்டானியா நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் யுனிசெப்பின் உதவியோடு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இப்போது ஒட்டகத்தின் முதுகில் ரோபோ ஏறுகிறது. பாடசாலையில் இருக்க வேண்டிய வயதில் ஒட்டகத்தின் மேல் கட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் உண்மையாகவே இருந்த காலத்தில், நான் அதைப் பகிடியாகப் பாவித்திருக்கிறேன்.

ஒட்டகக்காரர் சாப்பிடப் போனதும் அவனிடம் சொன்னேன். "மகன், அன்றைக்கு நான் சொன்னது பிழை. என்னை மன்னித்துவிடு."

கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"உங்கள்ள எனக்குக் கோவம் இல்ல சேர். சத்தியமா இல்ல. ஆனா அண்டையில இரிந்து நான் வாப்பாவோட மாட்டுக்குப் போகல்ல. பொடியனுகள் கண்டா சிரிப்பானுகள் எண்டு வெக்கம். அவர் தனியத்தான் போவார். ஏன் நான் வராம வுட்டன் எண்டு அவருக்கு இன்னும் தெரியா. என்னால சொல்ல ஏலா. நீங்க ஊருக்குப் போனா, நீங்களே சொல்லிடுங்க சேர்."

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் எனக்கு ஒரு வேலையைத் தந்தான்.

திரும்பி வரும் வழியில் சாரதி டயர்களுக்குக் காற்றடிக்க நிறுத்திய இடத்தில், அந்தப் பயணத்துக்கு எவ்வளவு கொடுத்தான் என்று விடாமல் கேட்டேன். இரண்டு பேருக்கும் 300 திர்ஹம். நம் காசில் இருபத்து நாலாயிரத்துக்கு மேல். அவனுடைய சம்பளத்தில் நான்கைந்து நாள் உழைப்பு. துபாயில் அத்தனை வருடம் இருந்தும் அவனும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே வந்திருக்கிறான்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள், அஸருக்குப் பிறகு, அவன் தந்துவிட்ட ஈத்தம்பழமும் கோடாலித் தைலமும் எடுத்துக்கொண்டு அவனுடைய வாப்பாவைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. வட்டையில் இருந்தார். இந்த வயதிலும் ஏழெட்டு மாடு மேய்க்கிறார். "மகன் மெலிஞ்சிட்டானா சேர்?" என்பதுதான் முதல் கேள்வி.

வரம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் வகுப்பில் சொன்ன வார்த்தையை, சொன்னபடியே சொன்னேன்.

அவர் தூரத்தில் நின்ற மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "களவாப் படம் பார்க்கப் போறான் எண்டு நினச்சி நான் ரெண்டு தரம் அடிச்சிட்டன் சேர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னை ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

எழும்பி வரப் பார்த்தபோது அவரே பேச்சை மாற்றினார். "ஒட்டகம் எப்பிடி சேர் எழும்பும்? முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னங்கால்தான் முதலில். நான் விழப் பார்த்தேன். மகன்தான் சாயச் சொல்லிக் கத்தினான்."

முகம் மலர்ந்துவிட்டது. "மாடும் அப்பிடித்தான் சேர். அவனுக்குத் தெரியும். சின்னதில என்னோட வந்து பார்த்ததுதானே."

அன்பான ஆசிரியர்களே, பெற்றோர்களே. எல்லா நபிமாரும் ஆடு மேய்த்தவர்கள் என்றும், ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள் என்றும் நான் தரம் 8க்குப் படிப்பித்துவிட்டு, மணி அடித்ததும் தரம் 10க்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னவன். மாடு மேய்க்க, ஒட்டகம் மேய்க்க, மீன் விற்க, மேசன் வேலைக்கு என்று நாம் பிள்ளைகளை ஏசுகிறோம். அந்த வகுப்பிலேயே, அந்தத் தொழில் செய்கிறவரின் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நாம் ஏசுவது ஒரு பிள்ளையை, ஆனால் அது வீட்டுக்குப் போய் வாப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறது. புதிய தவணையிலிருந்து என் வகுப்பில் இந்த வார்த்தைகள் இல்லை. பிந்தி வரும் பிள்ளையிடம் முதலில் காரணம் கேட்கிறேன். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

அவனுக்கு அடுத்த மாதம் லீவு, இன்ஷா அல்லாஹ். வந்ததும் வாப்பாவோடு ஒரு நாள் வட்டைக்குப் போகப் போவதாகச் சொன்னான். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். எனக்காகவும்.