தாயம் விழும் வரை எல்லாரும் வெளியேதான்

ப்ளேஸ்மெண்ட் ஆன மக்களே, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஃபீஸ்ல கோடிங் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. ஃபன் ஃப்ரைடே, டீம் அவுட்டிங், பொங்கல் விழா எல்லாம் உண்டு. அங்க ஒருத்தர் மைக்கோட வந்து, "ஃப்ரெஷர்ஸ் எல்லாம் மேடைக்கு வாங்க!"ன்னு கூப்பிடுவார். அதுக்கு நம்ம சிலபஸ்ல யூனிட்டே கிடையாது.

எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்காக நான் இப்போ சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கேன். ஜனவரியில், லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அங்கே பொங்கல் விழா. வெல்க்ரோ வேட்டி, லிஃப்ட் பக்கத்துல கரும்பு, பார்க்கிங்கில் உறியடி, கேன்டீனில் மேடை. மூணு மணி நேரத்துல நாலஞ்சு விளையாட்டு. எதுல ஜனங்க சேர்ந்தாங்க, எதுல ஒதுங்கினாங்கன்னு நின்னு பார்த்தேன்.

முதல்ல மேடை விளையாட்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆடச் சொல்வாங்க. ஆடுறது ஒருத்தர், அதை வீடியோ எடுக்கிறது நூறு பேர். என்கூட வந்த இன்டர்ன் ஒருத்தி இருபது நிமிஷம் ரெஸ்ட்ரூமை விட்டு வெளியவே வரல.

அடுத்தது கஹூட். ஸ்கிரீன்ல கேள்வி, போன்ல பதில். சீக்கிரம் அழுத்தினா அதிக பாயிண்ட். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், அதனால எனக்கு ஜாலிதான். வாசல்ல நின்ன செக்யூரிட்டி அண்ணா ஸ்கிரீனைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். ஜல்லிக்கட்டைப் பத்தின கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாமலா இருக்கும்?

மூணாவது ஹவுசி. இதுல ஒரு நியாயம் இருக்கு. 1 முதல் 90 வரை நம்பர், ஒரு டிக்கெட்டில் 15 நம்பர், மிச்சமெல்லாம் அதிர்ஷ்டம். மேனேஜருக்குன்னு தனி சலுகை கிடையாது. ஆனா எல்லாரும் தலையைக் குனிஞ்சு அவங்கவங்க டிக்கெட்டையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்தவர் பேர்கூடத் தெரியாமலே ஆட்டம் முடிஞ்சிடும்.

கடைசியா, ஒரு மூலையில தரையில சாக்பீஸால தாயக்கட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. போட்டோ எடுக்கத்தான்னு நினைக்கிறேன், ஏன்னா அங்க யாருக்கும் ரூல் தெரியல. எங்க டீம் லீட் பித்தளைக் கட்டையை உருட்டிப் பார்த்து முழிச்சார். பக்கத்துல பாயசக் கப்பெல்லாம் பொறுக்கிட்டு இருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, "தாயம் போட்டாத்தான் சார் காய் இறங்கும்"னாங்க. "அப்போ நீங்களே உட்காருங்க"ன்னார் அவர். அக்கா தயங்கி சூப்பர்வைசரைப் பார்த்தாங்க, அப்புறம் உட்கார்ந்துட்டாங்க.

இன்ஜினியரிங் புத்தியில கணக்குப் போட்டேன். ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: வெறுமை, 1, 2, 3. மொத்தம் 16 வாய்ப்பு. அதுல தாயம், அதாவது ஒண்ணு, விழுறது ரெண்டே ரெண்டு. எட்டுல ஒரு பங்கு. பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருந்தாலும் அதேதான், இன்டர்னா இருந்தாலும் அதேதான். டீம் லீட் காய் இறக்கவே ஏழெட்டு சுத்து ஆச்சு. இறங்கின காயையும் அக்கா வெட்டிட்டாங்க. "வெட்டு சார்! மறுபடி மொதல்ல இருந்து வாங்க!" சுத்தி நின்ன முப்பது பேரும் கத்தினோம். யாரையும் யாரும் மைக்ல கூப்பிடல. நின்னு பார்த்தவங்களே "அந்தக் காயை நகர்த்துங்க"ன்னு ஆட்டத்துக்குள்ள வந்துட்டாங்க. அக்காவுக்குச் செங்கம், எங்க ஊர்ப் பக்கம்தான்னு அப்போதான் எனக்கே தெரிஞ்சது.

இதோட நிறுத்தினா நல்ல ஷார்ட் ஃபிலிம். ஆனா அஞ்சு மணிக்கு கிஃப்ட் பை கொடுத்தாங்க. அக்கா காண்ட்ராக்ட், அதனால லிஸ்ட்ல அவங்க பேர் இல்ல. இன்டர்ன் எனக்கே ஒரு பை கிடைச்சது. அவங்க அந்தத் தாயக்கட்டத்தை ஈரத்துணியால துடைச்சிட்டு இருந்தாங்க. டீம் லீட் ஹெச்.ஆர்.கிட்ட போய்ப் பேசினார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு பதில் வந்தது.

அப்புறம் பொங்கலுக்குத் திருவண்ணாமலை வந்துட்டேன். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு இங்க திருவூடல். அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் திருவூடல் தெருவுல ஊடல், நடுவுல சுந்தரர் தூது. அம்மன் கோபிச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிடுவாங்க. மறுநாள் சாமி கிரிவலம் முடிச்சுத் திரும்பினாத்தான் சமாதானம். முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனாலும் தெரு நிறைஞ்சிடும். அந்தத் தெருவுல நிக்க ஐ.டி. கார்டு வேண்டாம். கூட்டத்துல நிக்கிறப்போ எனக்கு அந்த கிஃப்ட் லிஸ்ட்தான் ஞாபகம் வந்தது.

ஒரு தாயம் விளையாடினதால காண்ட்ராக்ட் மாறிடாது, சம்பளமும் ஏறாது. ஆனா லீவு முடிஞ்சு போனப்போ, டீம் லீட் பேன்ட்ரியில அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ரிட்டர்ன் மேட்ச் எப்போ?"ன்னு கேட்டார். அவர் அந்த மாடியில நாலு வருஷமா வேலை பார்க்கிறார். அவங்க பேர் அவருக்குத் தெரிஞ்சது இப்போதான்.

இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல நம்மள்ல யாராவது ஒருத்தர் கல்ச்சுரல் கமிட்டியில மாட்டுவோம். அப்போ விளையாட்டைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பதவியோ இங்கிலீஷோ இல்லாம இதை ஜெயிக்க முடியுமா? வேடிக்கை பார்க்கிறவங்க பேச இடம் இருக்கா? வேண்டாம்னு சொல்றவங்களை விட்டுடுவோமா? அப்புறம் லிஸ்டை எடுத்து, விழா முடிஞ்சதும் அந்த இடத்தைக் கூட்டப் போறது யாரோ, அவங்க பேர் இருக்கான்னு பாருங்க.

நம்ம டிபார்ட்மெண்ட் ஃபேர்வெல்லுக்கு டி.ஜே. புக் ஆயிடுச்சு, சந்தோஷம். அதோட ரெண்டு தாயக்கட்டமும் போடுறோம். லேப் அட்டெண்டர் அண்ணாவையும் மெஸ் அக்காக்களையும் கூப்பிட்டிருக்கோம். அண்ணா உடனே, "கட்டை நான் கொண்டு வரேன், உங்க பசங்களுக்கு உருட்டத் தெரியுமா?"ன்னு கேட்டுட்டார். பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க.