காலை ஆறு மணி நோய்

மார்கழி பிறந்துவிட்டால் கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் தோட்டங்களில் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் போஸ்ட் மாஸ்டர் வீட்டு வாசலில் தினமும் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது.

அவர் ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் அவர் இன்னும் போஸ்ட் மாஸ்டர்தான். அவரிடம் இருப்பது 2003-ம் வருட மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983 டிசம்பரில் முதல் கார் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை எத்தனையோ குடும்பங்களின் முதல் கார் அதுதான். அவருக்கும் அதுதான் முதல் கார். ஒரே காரும் அதுதான்.

மகளுக்கு ஊட்டியில் ஒரு ஹோட்டலில் வேலை. காலை 7 மணி ஷிப்ட். ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால்தான் சரியாக இருக்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும். ஆனால் பிடித்த நொடியிலிருந்து உடம்பெல்லாம் நடுங்கும். ஸ்டீயரிங் ஆடும், கண்ணாடி ஆடும், டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் குட்டிப் பிள்ளையாரும் ஆடுவார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பொசுக்கென்று அணைந்துபோகும். நாலைந்து நிமிடம் இப்படிப் போக்குக் காட்டிவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

ஒருநாள் வீட்டை விட்டு மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் நடுவே அணைந்துவிட்டது. பின்னால் காய்கறி லாரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் மகள் முகம் வெளுத்துப்போனது. சென்னையிலிருந்து மகன் போனில் சொன்னான். "வித்துடுங்கப்பா. இருபது வருஷம் ஓடிடுச்சு. வயசானா அப்படித்தான்."

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்கவில்லை.

ஊட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று தடவை காட்டிவிட்டார். முதல் தடவை ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றினார்கள். இரண்டாவது தடவை ஏர் ஃபில்டர், பேட்டரி. மூன்றாவது தடவை த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். வண்டி பூனைக்குட்டிபோல உறுமும். "பாருங்க சார், சூப்பரா இருக்கு. உங்க மனசுலதான் ஏதோ இருக்கு" என்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளையார் மறுபடி ஆடுவார்.

மனைவிக்கும் அந்தக் குளிர்காலம் சரியாக இல்லை. விடிந்து எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பால் பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் எடுப்பார். டாக்டரிடம் போனார்கள். பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, உள்ளே நுழையும்போது மணி பதினொன்று. டாக்டர் கையை மடக்கச் சொன்னார். மடங்கியது. "குளிர்தான்மா. வயசும் ஆகுதில்ல" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மனைவி எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு கை வலியைப் பற்றியும் அவர் பேசவில்லை.

காருக்கு யாரோ ஒரு பாயைச் சொன்னார்கள். மார்க்கெட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு ஷெட். போஸ்ட் மாஸ்டர் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் பாய் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. கையை மட்டும் அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"சார், கேத்தியில இருந்து இங்க வர்றதுக்குள்ள வண்டி சூடாகிடுது. சூடானா நோய் போயிடுது. நோய் போன பிறகு கொண்டுவந்து காட்டினா யாருக்குத் தெரியும்?"

"அப்ப என்ன பண்றது பாய்?"

"நான் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதி வைங்க. எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க, எத்தனை நிமிஷம் ஆடுச்சு, எத்தனை தடவை அணைஞ்சுது. நான் வர்ற அன்னிக்குக் காலையில சாவியைத் தொடவே கூடாது."

எழுதுவது போஸ்ட் மாஸ்டருக்குப் புதிதில்லை. பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டார். வீட்டுச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரையும் பார்த்து எழுதினார். நாலாம் நாளே ஒரு விஷயம் புலப்பட்டது. குளிர் அதிகமான நாளில் ஆட்டம் அதிகம். மேகம் மூடி, குளிர் குறைந்த நாளில் பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே குரங்குத் தொப்பியோடு பாய் டூவீலரில் வந்து இறங்கினார். தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது. டைரியை டார்ச் வெளிச்சத்தில் படித்துவிட்டு, "இது போதும் சார்" என்றார்.

முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். குறைந்தால் அது சிலிண்டருக்குள் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். குறையவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆட்டம் தொடங்கியது. இன்ஜெக்டர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாட்டினார். ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பேறியாக இருந்தால், அதன் ஒயரைக் கழற்றும்போது மட்டும் சத்தத்தில் மாற்றம் இருக்காது. ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி இன்ஜின் தடுமாறியது. "மூணு பேரும் ஒழுங்காத்தான் வேலை செய்யறாங்க. மூணு பேருக்கும் போற சாப்பாடுதான் சரியில்லை." அடுத்து ரப்பர் ஹோஸ்கள். எங்காவது விரிசல் விட்டு காற்று இழுக்கிறதா என்று, பொருந்தும் இடங்களில் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காது கொடுத்தார். சத்தம் மாறவில்லை.

"பழைய வண்டியில சோக்னு ஒண்ணு இழுப்பீங்களே, ஞாபகம் இருக்கா சார்?"

இல்லாமல் என்ன! அவருடைய அதிகாரியின் அம்பாசடரில் குளிர்காலக் காலைகளில் அதை இழுக்காமல் வண்டி கிளம்பியதே இல்லை. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. பாதி வழியிலேயே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த நேரத்தில் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சோக். இந்த வண்டியில் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் சூடா, குளிரா என்று அதற்குச் சொல்வது கட்டைவிரல் அளவு சென்சார்.

பாய் இன்ஜினை நன்றாக ஆறவிட்டு அந்தச் சென்சாரைக் கழற்றி எடுத்தார். "வீட்ல ரெண்டு டம்ளர் கிடைக்குமா? ஒண்ணுல கொதிக்கிற தண்ணி, ஒண்ணுல பச்சைத் தண்ணி."

கொதிநீரில் சென்சாரின் நுனியை முக்கி மீட்டரை வைத்தார். ஏறக்குறைய முந்நூறு ஓம் காட்டியது. "சூட்டைச் சரியாத்தான் சொல்லுது." பிறகு பச்சைத் தண்ணீர். குளிரக் குளிர அளவு ஏற வேண்டும். நாலாயிரம் ஓம் பக்கம் போக வேண்டியது, ஆயிரத்திலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? வெளியில ஆறு டிகிரி. இது கம்ப்யூட்டர்கிட்ட நாற்பது டிகிரிக்கு மேலன்னு சொல்லிக்கிட்டிருக்கு. இன்ஜின்தான் சூடா இருக்கேன்னு அதுவும் பெட்ரோலைக் குறைச்சிடுது. ஒயரே அறுந்துபோயிருந்தா இன்ஜின் லைட் எரிஞ்சிருக்கும். இது நம்புற மாதிரி ஒரு பொய்யைச் சொல்லுது. அதான் லைட்டும் எரியலை, யாருக்கும் தெரியலை."

புது சென்சாரின் விலை 650 ரூபாய். அதுவரை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தது பன்னிரண்டாயிரத்துக்கு மேல்.

கணக்கை மனதில் போட்டுக்கொண்டே போஸ்ட் மாஸ்டர் நிமிர்ந்தார். மனைவி டம்ளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். விரலால் அல்ல. ஒரு டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்து, பிறகு அடுத்ததை. பாயும் அதைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு என்ன சார் கையில?"

"குளிர்னு டாக்டர் சொன்னாரு."

"எத்தனை மணிக்குக் காட்டினீங்க?"

"பதினொரு..." அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை.

பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அன்று இரவு போஸ்ட் மாஸ்டர் டைரியில் இன்னொரு பக்கத்துக்குக் கட்டம் போட்டார். "என்னங்க, இன்னும் வண்டி சரியாகலையா?" என்று மனைவி கேட்டார். "வண்டி சரியாயிடுச்சு. காலையில எழுந்ததும் என்னைக் கூப்பிடு. எத்தனை நிமிஷத்துல விரல் மடங்குதுன்னு பார்க்கணும்" என்றார். அவர் சிரித்தார். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு நாள் 80 நிமிடம். மறுநாள் 95. வெயில் அடித்த நாளிலும் 75. காரைப் போல இது குளிருக்கு ஏற்ப ஏறி இறங்கவில்லை. இரண்டு கைகளிலும் ஒரே விரல்கள். எழுந்தவுடன் வீக்கம் தெரிந்தது. மகளிடம் சொல்லி அதைச் செல்போனில் போட்டோ எடுத்து வைத்தார்.

இந்த முறை கோயம்புத்தூரில் ஒரு மூட்டு நோய் மருத்துவர். அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்மா?" என்பதுதான். மனைவி கணவரைப் பார்த்தார். அவர் டைரியை நீட்டினார். டாக்டர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விறைப்பு ஒரு மணி நேரத்துக்குமேல் நீடித்தால் அதைக் குளிர் என்றோ வயது என்றோ தள்ளிவிடக் கூடாது என்றார். ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. முடக்குவாதம். மூட்டுகள் கோணிப்போகும் முன்பே வந்ததால் மருந்தால் கட்டுப்படுத்த வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார். வாரம் ஒருமுறை ஒரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பங்குனியில் மகன் ஊருக்கு வந்திருந்தான். காலை ஆறு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டு வெளியே வந்தான். குளிரில் கொஞ்சம் வேகமாக ஓடி, மெதுவாகத் தணிந்து, சீராக நின்றது. பிள்ளையார் ஆடவில்லை.

"புது இன்ஜின் போட்டீங்களாப்பா?"

"இல்லடா. பழசுதான்."

உள்ளேயிருந்து மனைவி காபி கொண்டுவந்தார். டவராவை ஒரு கையால் பிடித்திருந்தார். போஸ்ட் மாஸ்டர் வாங்கிக் குடித்துவிட்டு, டைரியைத் திறந்து அன்றைய கட்டத்தில் எழுதினார். 20 நிமிடம்.