குந்தியிருப்பவரின் ஓட்டங்கள்

மயிலைக் குளக்கரையில் மாலைதோறும் கிரிக்கெட் பேசிய நாட்களில் சையத் கிர்மானிக்கு நாங்கள் அநீதி இழைத்துவிட்டோம். 88 டெஸ்டுகள், சராசரி 27. கவாஸ்கருக்கோ 51. 'இவரெல்லாம் ஒரு மட்டையாளரா?' என்று தீர்ப்பெழுதினோம்.

அமெரிக்கர்கள் பேஸ்பாலில் இவ்வாறு ஒப்பிடுவதில்லை. குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சரின் மட்டைவீச்சைப் பிற கேட்சர்களுடன் வைத்தே எடைபோடுவர். முதல் பேஸில் நிற்பவருக்கு எதிர்பார்ப்பு அதிகம். அவ்வளவுகோலை இங்கே வைத்தால், எஞ்சினியர் 31, மோங்கியா 24. கிர்மானி தம் இனத்தாரிடையே குறைந்தவரல்லர். தோனியின் 38 வந்த பின்னரே அளவுகோல் மாறியது.

சென்னை மண்ணுக்கு விக்கெட் காப்பாளர்கள் மீது தனிப் பிரியம் போலும். 1964இல் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் குந்தரன் 192; 1967இல் சேப்பாக்கத்தில் உணவு இடைவேளைக்கு முன்பே எஞ்சினியர் 94; 2013இல் அங்கேயே தோனி 224.

1983 டிசம்பரிலும் சேப்பாக்கம்தான். மேற்கிந்தியத் தீவுகள் 313 ஓட்டங்கள் எடுக்கும்வரை ஸ்டம்புகளுக்குப் பின்னால் உழைத்த கிர்மானி, பிறகு மார்ஷலையும் ஹோல்டிங்கையும் எதிர்கொண்டு, பிரியாத ஒன்பதாம் விக்கெட்டுக்கு 143 ஓட்டங்கள் சேர்த்தார். கவாஸ்கரின் 236ஐ நாங்கள் ஆண்டுக்கணக்கில் பேசினோம். மறுமுனையில் 63 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவரின் பெயர் குளக்கரையில் ஒருநாளும் எழவில்லை.