சித்திரைக்கான கையிருப்பு

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் தன் டெஸ்க்டாப்பை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு மதுரையிலுள்ள என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஷோரூமில் பெட்டியோடு வாங்கிய பிராண்டட் மிஷின். உள்ளே ஐ7-8700 பிராசசர். ஆறு கோர், அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.6.

“அண்ணே, ஒரு கல்யாணத்தை ரெண்டர் போட்டா விடிஞ்சிருது. இதை ஓவர்கிளாக் பண்ணிக் குடுங்கண்ணே.”

முடியும், முடியாது என்று எதுவும் சொல்லாமல் அவருடைய வேலை ஒன்றையே ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பமானி மென்பொருளைத் திறந்து வைத்தேன். இரண்டே நிமிடத்தில் 100 டிகிரி. நான்கைத் தாண்டிப் புறப்பட்ட வேகம் சரிந்து சரிந்து 2.6-க்கு வந்து நின்றது. 100 டிகிரி அந்தப் பிராசசரின் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய 3.2 கூட அவர் கைக்கு வரவில்லை.

கேபினட்டைத் திறந்தேன். ஃபேனைக் கழற்றியதும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு மேல் தூசி, கம்பளித் துண்டு விரித்த மாதிரி ஒரே படலமாக எழுந்து வந்தது. அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ப்ளோயர் அடித்து, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மாட்டினேன். ஒற்றை ராமுக்கு ஜோடியாக அதே வகையில் இன்னொன்றைப் போட்டேன். மறுபடி அதே வேலையை ஓடவிட்டபோது வெப்பம் 76 டிகிரியில் நின்றது, வேகம் 3.7-ஐ விட்டு இறங்கவில்லை. ஓவர்கிளாக் செய்யாமலே அவர் கேட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது.

இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஓவர்கிளாக் செய்யலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் கையிருப்பு வைத்துத்தான் அனுப்புகிறார்கள். சிப்பின் தரம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், அறை சூடாக இருக்கலாம், தூசி அடையலாம், கரண்ட் ஏறி இறங்கலாம். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சில வருடம் ஓட வேண்டும் என்பதற்கான கையிருப்பு அது. ஓவர்கிளாக் என்பது சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, அந்தக் கையிருப்பை எடுத்து வேகமாகச் செலவழிப்பது. நம் ஊரில் அதில் பாதியைச் சித்திரை வெயில் ஏற்கெனவே எடுத்துவிடுகிறது. அதனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் நான் கைவைப்பதில்லை.

இந்தப் பாடத்தை நான் படித்தது சென்னை ரிச்சி தெருவில், ஒரு கடையில் உதவியாளாக இருந்த நாட்களில். அப்போது ஓவர்கிளாக் என்றாலே செலரான் 300ஏ. 1998-இல் வந்த சிப். பிராசசர் போர்டோடு பேசும் பஸ்ஸின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கல் எண் 4.5, ஆக 300. பெருக்கல் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் பஸ்ஸை 100-க்கு மாற்றினால் அதே சிப் 450-இல் ஓடும். பல மடங்கு விலை வைத்த பென்டியம் 2 சிப்பின் வேகம் அது. அந்த நாளில் எங்களுக்கு அது மந்திரம் போல இருந்தது.

ஒரு வாடிக்கையாளரின் மதர்போர்டு 100-ஐ ஏற்கவில்லை. நடுவில் 83 என்று ஒரு ஜம்பர் இருந்தது. 83-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 374 கூட வராது. 450-இல் ஓடும் சிப்புக்கு இது ஒன்றுமே இல்லை, பாதுகாப்பான நடுவழி என்று நினைத்து 83-இல் வைத்துக் கொடுத்தேன். பிராசசர் சூடாகவே இல்லை. மூன்றாம் வாரம் அவர் திரும்ப வந்தார். கணக்குக் கோப்புகள் திறக்கவில்லை, பாதிக் கோப்புறைகளின் பெயர்களே குப்பையாகியிருந்தன.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஹார்ட் டிஸ்க் பேசும் பி.சி.ஐ. பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பஸ் 100 ஆனால் போர்டு அதை மூன்றால் வகுக்கும், 33 வந்துவிடும். 83-ஐ அந்தப் போர்டு இரண்டால்தான் வகுத்தது. பி.சி.ஐ. 41.5-இல் ஓடியது. பிராசசர் நலமாக இருக்க, டிஸ்கில் எழுதும் எழுத்துகள் மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருந்தன. அவருடைய ஒரு வருடக் கணக்கு போனது. அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதிலிருந்து ஓவர்கிளாக் என்றதும் சிப் எரிந்துவிடுமோ என்று பயப்படுவதை விட்டுவிட்டேன். இன்றைய சிப் சூடானால் தானே அடங்கும், மீறினால் தானே அணையும். எனக்குப் பயம், அணையாமல் தப்பாகக் கணக்குப் போடும் மிஷினைப் பார்த்துத்தான். வேகத்தைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரின் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். மிஷினில் தொங்கிக்கொண்டிருக்கும் நகல் நகலாகாது.

இனி, ஷோரூம் டெஸ்க்டாப்பில் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி. பெரும்பாலும் முடியாது. 2011 முதல் இன்டெல் தன் சாதாரண பிராசசர்களின் பெருக்கல் எண்ணைப் பூட்டியே விற்கிறது. பெரும்பாலும் பெயரில் எண்ணுக்குப் பின் ‘கே’ இருந்தால்தான் திறந்திருக்கும், அதற்கும் பொதுவாக ‘இசட்’ வரிசைச் சிப்செட் உள்ள போர்டு வேண்டும். பஸ் வழியாக ஏற்றலாம் என்றால், அந்த வருடம் வந்த தலைமுறையில் அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸோடு டிஸ்க் பாதையும் மற்ற பாதைகளும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அதற்கு மேல் ஐந்து மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே தடுமாறும். என் 83-இன் கதைதான். ஏ.எம்.டி.யின் டெஸ்க்டாப் ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் அனுமதிக்காது. பி450, பி550 அனுமதிக்கும்.

சிப் அனுமதித்தாலும் பெட்டி அனுமதிக்க வேண்டும். பல பிராண்டட் மிஷின்களின் பயாஸில் இதற்கான மெனுவே இருக்காது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 300 வாட் வரைதான் இருக்கும். சிலவற்றில் அதன் வடிவமும் இணைப்பியும் அவர்களுடையதே என்பதால் வெளியில் வாங்கி மாற்றவும் முடியாது. பிராசசருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் வி.ஆர்.எம். பகுதியின் மேல் ஹீட் சிங்க் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மொட்டையாக இருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்கு வாரண்டி பொருந்தாது, ஆகவே வாரண்டி நாட்களிலும் தொடாதீர்கள்.

இவ்வளவும் தாண்டி வந்த மிஷின்கள் என் மேசையில் குறைவு. அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். ரைசன் 5 2600, பி450 போர்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். கடையில் அசெம்பிள் செய்து பெட்டியாகவே விற்றது. ஆறு கோர், 12 த்ரெட், அடிப்படை 3.4, உச்சம் 3.9. எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது 3.7 அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கூடவே வந்த சின்ன கூலரை மாற்றி, 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் போட்டேன். பிறகு என் எல்லைகளைத் தாளில் எழுதினேன்: 1.30 வோல்ட்டைத் தாண்ட மாட்டேன், 80 டிகிரியைத் தாண்ட மாட்டேன். வேலை சூடு பிடித்த பிறகு ஆசை எல்லையை நகர்த்திவிடும், அதனால் முதலிலேயே எழுதிவிடுவது வழக்கம். 3.8 வைத்தேன், பத்து நிமிடம் சினிபென்ச் என்ற வேகச் சோதனை, வெப்பத்தைக் குறித்தேன். 3.9. மறுபடி அதே. 4.0-இல் தடுமாறியது, வோல்ட்டேஜை ஒரு சின்னப் படி ஏற்றியதும் நிலைத்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வேகம், வோல்ட்டேஜ், ராம் மூன்றையும் சேர்த்து ஏற்றினால் விழும்போது எது விழுந்தது என்று தெரியாது.

4.1 கூட வந்தது. 1.30-இல் சினிபென்ச் மூன்று முறை முழுதாக ஓடியது. பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்பார்கள். நான், பிராசசரை விடாமல் கணக்குப் போட வைத்துச் சரிபார்க்கும் பிரைம்95-ஐப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரையில் 12 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கணக்கு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டே கால் மணி நேரம் கழித்துப் பார்க்கையில் 11 கட்டங்கள் ஓட, ஏழாவது மட்டும் நின்றிருந்தது. போட்ட கணக்கில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பிழை வந்துவிட்டது என்று கடைசி வரி. விண்டோஸ் உறையவில்லை, நீலத் திரை வரவில்லை, ஃபேன் சத்தம் கூட மாறவில்லை. நம்பி அனுப்பியிருந்தால் அந்த ஒரு தப்பு என்றோ ஒருநாள் யாரோ ஒருவரின் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கும். 4.0-க்கு இறக்கி 1.28 வோல்ட்டில் இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் 12-உம் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் இரவு மெம்டெஸ்ட், ராமுக்கு. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போட்டு ராமின் வேகத்தை ஏற்றுவதும் ஓவர்கிளாக்தான், அதற்கும் இந்தச் சோதனை உண்டு.

4.1-க்கு ஏன் இன்னும் வோல்ட்டேஜ் கொடுக்கவில்லை என்று அந்த வாடிக்கையாளர் கேட்டார். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் பத்து பத்து சதவீதம் ஏற்றினால் செலவு 33 சதவீதம் கூடும். அந்த 33-உம் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். அதிக வோல்ட்டேஜ் சிப்பை மெல்ல மெல்ல மூப்படையவும் வைக்கும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, யாரும் கைவைக்காமலே நிலையிழந்தபோது, 2024-இல் அந்த நிறுவனமே சொன்ன காரணம் தேவைக்கு மேல் போன வோல்ட்டேஜ்தான். மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். செய்தவர்களுக்கே அப்படி என்றால், நாம் 0.05 வோல்ட் ஏற்றும்போது விரல் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

3.7-லிருந்து 4.0 என்பது எட்டு சதவீதம். ஒரு மணி நேர ரெண்டரில் நான்கைந்து நிமிடம் மிச்சம். தினமும் ஆறு மணி நேரம் ரெண்டர் போடுபவருக்கு அது ஏறக்குறைய அரை மணி நேரம், அவருக்கு அது லாபம். பில் போடவும் படம் பார்க்கவும் வைத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றிக்கொண்டால் போதும், புது மிஷின் மாதிரி இருக்கும்.

நான் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளும் விதி இன்னொன்று: கடைசிச் சோதனை அந்த மிஷின் உட்காரப்போகும் அறையில், பகல் இரண்டு மணிக்கு நடக்க வேண்டும். கூலர் அறைக் காற்றைக் கொண்டுதான் ஆற்றுகிறது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். மார்கழி இரவில் 66 காட்டிய மிஷின், தகரக் கூரை போட்ட மாடி ஸ்டூடியோவில் சித்திரை மதியம் 80-ஐத் தொடும். மானிட்டரையும் சேர்த்து 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் போட்டிருந்தால், கரண்ட் போன நொடியில் அது தாங்குகிறதா என்றும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், கோப்பு எதுவும் திறந்திராத நேரத்தில்.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டுவேன். தேதி, வேகம், வோல்ட்டேஜ், அறை வெப்பம், சிப்பின் உச்ச வெப்பம். இந்த மே மாதம் அந்த ரைசன் தூசி தட்ட வந்தது. சீட்டு மஞ்சளாகியிருந்தது: 4.0, 1.28, அறை 37, உச்சம் 77. பிரைம்95-ஐப் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அறை 38, உச்சம் 79, 12 கட்டங்களும் ஓடின. இரண்டு டிகிரியில் ஒன்றை அறை எடுத்துக்கொண்டது, இன்னொன்றைத் தூசி. ப்ளோயர் அடித்துத் தூசியின் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழைய சீட்டின் கீழே புதுத் தேதியை எழுதினேன்.