டாக்டர் எப்போது தூங்கினார்?

வாசுதேவநல்லூரில் நடுராத்திரி ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் 108-க்கு போன் போடுவார்கள். முதலில் தென்காசி. நிலைமை மோசம் என்றால் "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க" என்பார்கள். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நம் பக்கத்துப் பெயர் அது. எந்த ஊர் ஐ.சி.யூ.வாக இருந்தாலும், டாக்டரைப் பார்த்ததும் பாதி பயம் போய்விடும். அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை...

ஐ.சி.யூ. பிறந்த கதையே முறைவைத்து வேலை பார்த்த கதைதான். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுவிட முடியாதவர்களின் தொண்டையில் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் சொன்னார் டாக்டர் இப்சன். சுமார் 1500 மாணவர்கள் இரவும் பகலும் மாறி மாறி அமுக்கினார்கள். ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை வந்தது.

இன்று அந்த வேலையை வென்டிலேட்டர் பார்க்கிறது. ஆனால் அலாரம் அடித்தால் முடிவெடுக்க வேண்டியது மனிதர். மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும், வெளியே காத்திருக்கும் மனைவியிடம் "காப்பாற்ற முடியவில்லை" என்று சொல்வதும் அவரே. அடுத்த நிமிடம் பக்கத்துப் படுக்கைக்குப் போக வேண்டும். இது நாள்கணக்கில் தொடர்ந்தால் உடல் சோர்ந்து, மனம் மரத்து, தன் வேலை மீதே நம்பிக்கை போய்விடும். இதைத்தான் 'பர்ன் அவுட்' என்கிறார்கள். இது நோயல்ல, சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

பயிற்சி டாக்டர்களுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரம் என்று மத்திய அரசு விதி வகுத்தது 1992-ல். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் பரிந்துரைத்தது, 74 மணி நேரத்துக்கு மிகாமல்! ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் லீவு. 32 வருடத்தில் குறைய வேண்டியது கூடியிருக்கிறது. அதையே சலுகையாக நினைக்கும் அளவுக்கு நடைமுறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

டாக்டர்களுக்கு யோகா, தியானம் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டுமே. கம்பெனிக் கணக்கில் மெஷினுக்குக்கூட தேய்மானம் எழுதுகிறார்கள். மனிதருக்கு எந்தக் கணக்கும் இல்லை.

கோபன்ஹேகனில் தெரிந்திருந்த எளிய மருந்து ஒன்றுதான்: இன்னொரு ஆள். அது டாக்டருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. வாசுதேவநல்லூரிலிருந்து ஆம்புலன்ஸில் வருகிறாரே, அவருக்கும் சேர்த்துத்தான்.