கோசாபாவில் இரண்டு நாள்

பன்னிரண்டு ஆண்டுகளாக முன்பதிவுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருப்பவன் நான். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர்களை விட, பிழைப்புத் தேடித் தெற்கே செல்லும் வங்க இளைஞர்களையே இப்போதெல்லாம் மிகுதியாகக் காண்கிறேன். அவர்களுள் ஒருவர், என் மேசையிலிருந்த தமிழ் நாட்காட்டியைக் கண்டு, "அண்ணா, திருப்பூருக்கு ரெண்டு டிக்கெட் கிடைக்குங்களா?" என்று வினவினார். திகைத்துப் போனேன். பனியன் கம்பெனியில் ஏழாண்டு உழைத்துக் கற்ற தமிழ் அது. அவருடைய ஊர், சுந்தரவனத்தில் உள்ள கோசாபாத் தீவு. பழக்கம் வளர்ந்தது. சென்ற கார்த்திகையில், அறுவடைக் காலத்தில், அவருடைய அழைப்பை ஏற்றுப் புறப்பட்டேன்.

சியால்தாவிலிருந்து கானிங் செல்லும் மின்வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் போலாகிறது. 1862-63இல் போடப்பட்ட இந்தத் தடம், கல்கத்தாவுக்கு மாற்றாகக் கானிங்கில் ஒரு பெருந்துறைமுகம் எழுப்பும் ஆசையோடு பிறந்தது. 'சைக்ளோன்' என்னும் சொல்லை ஆக்கிய ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், அங்கே துறைமுகம் வேண்டாம், புயல் அடித்துச் செல்லும் என்று 1853லேயே எழுதி எச்சரித்தார். கேட்பாரில்லை. 1867இல் வந்த புயல் அவர் வாக்கை மெய்ப்பித்தது. சில ஆண்டுகளில் துறைமுகமும் கைவிடப்பட்டது. தடம் மட்டும் நிலைத்தது. இன்று அதில் மீன் கூடைகளும், நகரத்து வீடுகளில் வேலை செய்யும் பெண்களும் பயணம் செய்கிறார்கள்.

கானிங்கில் இறங்கி, மாத்லா ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஆட்டோவில் கோத்காலித் துறையை அடைந்தேன். அப்பால் படகுதான். இந்தியச் சுந்தரவனத்தில் உள்ள 102 தீவுகளில் 54இல் மக்கள் குடியிருக்கின்றனர். அவற்றைச் சுற்றிலும் மண்கரை. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 3,500 கிலோமீட்டர். கரைமீது நின்று இருபுறமும் பார்த்தபோதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. ஓதம் ஏறிய வேளையில் ஆற்று நீர்மட்டம் மேலே இருந்தது. நெல் வயல் கீழே இருந்தது! கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்ததனால் ஆறு கொண்டுவரும் வண்டலும் நிலத்தை உயர்த்தாமல் நின்றுவிட்டது. நாள்தோறும் இருமுறை ஏறியிறங்கும் உப்பு நீருக்கும் மக்களுக்கும் இடையே இருப்பது அந்த மண் ஒன்றே.

2009 மே 25ஆம் நாள் வீசிய ஐலாப் புயல் அந்த மண்ணைத்தான் உடைத்தது. அமாவாசைக்கு மறுநாள், ஓதம் பொங்கியிருந்த நேரம். 778 கிலோமீட்டர்க் கரை சேதமுற்றது. நண்பரின் குடும்பம் பசுமாட்டை அவிழ்த்துவிட்டு, எஞ்சிய கரைத்துண்டின் மேல் தார்ப்பாயின் கீழ்ப் பல வாரங்கள் கிடந்ததாம். "காற்று ஒரே நாளில் போயிற்று, பாபா, உப்புத்தான் போகவில்லை" என்றார் அவருடைய தாயார். அவ்வூரில் தாய்மார் மகன் வயதினரைப் 'பாபா' என்றே அழைக்கின்றனர். குளத்து நன்னீர் மீன்கள் வெளுத்து மிதந்தன. இரண்டு மூன்று ஆண்டுகள் நெல் முளைக்கவில்லை. நண்பர் திருப்பூருக்கு வண்டியேறியது அப்பொழுதுதான்.

பின் எவ்வாறு மீண்டனர் என்று கேட்டேன். குளங்களின் உப்பு நீரை இறைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்களாம். மழை, உப்பைச் சிறிது சிறிதாகக் கழுவியது. அதிக விளைச்சல் ரகங்கள் வந்தபின் மறக்கப்பட்ட நோனாபோக்ரா போன்ற பழைய நெல்லினங்கள், உப்பைத் தாங்குமென்று மறுபடியும் தேடப்பட்டன. நாகைக் கடற்கரையில் குழியடிச்சான் நெல்லைப் பற்றிக் கேட்டிருக்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. பெண்கள் சேற்றில் முழங்கால் புதைய நின்று, கரைக்கு வெளியே அலையாத்திக் கன்றுகளை நட்டிருக்கின்றனர். தாயாரும் நட்டவர், தம் மரங்களை எனக்குத் தனியே காட்டினார். பிச்சாவரம் கண்டவர்களுக்கு அந்த இலைப் பச்சையும் மூச்சுவேர்களும் சட்டென்று நினைவுக்கு வரும்.

கல்லும் சிமெண்டும் கொண்டு உறுதியான கரை எழுப்பும் திட்டம் ஐலாவுக்குப் பின் வந்தது. நிலம் எடுப்பதில் ஏற்பட்ட சிக்கலால் அதில் ஒரு சிறு பகுதியே முடிந்தது. 2020 மே மாதம் ஆம்பன் வந்தது. ஊரடங்கினால் வெளியூர் வேலையை விட்டுப் பலர் வீடு திரும்பியிருந்த வேளை. மறு ஆண்டே யாஸ். மூன்று முறை உப்பு இறைத்த குளத்தில் நான் குளித்தேன். நீர் இனிப்பாகவே இருந்தது.

ஊரில் பார்க்கத்தக்கது ஹாமில்டன் துரையின் மரவீடு. 1903இல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேற்றி, கூட்டுறவுச் சங்கம் வைத்து, 1936இல் தம் பண்ணைக்கென்றே ஒரு ரூபாய் நோட்டும் அச்சிட்டவர் அவர். 1932இல் தாகூர் அங்கே வந்திருக்கிறார். வீட்டைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை.

காரணம், இரவு உணவின்போது தாயார் கேட்ட கேள்வி. இளைய மகனும் அறுவடை முடிந்ததும் திருப்பூர் போக விரும்புகிறான். அவருக்குச் சம்மதமில்லை. 2023 ஜூன் 2ஆம் நாள் பாலாசோர் அருகே கோரமண்டல் வண்டி கவிழ்ந்தபோது மாண்டவர்களில் அண்டையிலுள்ள பாசந்தி வட்டாரத்தார் பலர். தெற்கே கூலி வேலைக்குச் சென்றவர்கள். "நீ ரயிலில் வேலை பார்ப்பவன். சொல், பாபா, பிள்ளையை அனுப்பலாமா?" என்றார்.

இலையில் கை வைத்தபடி இருந்தேன். நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் நலமாகச் சேர்கின்றன என்று சொல்லலாம், சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை. சீட்டு விற்பவன் நான், அதற்குமேல் உறுதி கூற என்னிடம் ஏதுமில்லை என்பதையும் பின்னர் சொன்னேன். அதன்பிறகே அவர் எனக்கு மறுசோறு இட்டார். "அங்கே ஆறு உண்டா?" என்றார். நொய்யல் உண்டு, ஓதம் கிடையாது என்றேன். நெடுநேரம் பேசவில்லை.

தை பிறக்க மூன்று நாள் இருக்கையில் இளையவன் என் சாளரத்துக்கு வந்தான். அண்ணனோடு செல்லத் தாயார் விடை கொடுத்துவிட்டார். கீழ்ப்படுக்கையாக வேண்டும் என்பது மட்டும் அவர் கட்டளை. ஒன்று கீழ்ப்படுக்கையாக அமைந்தது. போகும்போது துணிப்பை ஒன்றைச் சாளரத்தின் கீழ் நுழைக்கப் பார்த்தான், நுழையவில்லை. வெளியே சென்று வாங்கிக்கொண்டேன். உள்ளே இரண்டு படி புது அரிசி. அவ்வாண்டு எங்கள் வீட்டுப் பொங்கல் அதில்தான் பொங்கிற்று.